எங்கள் கிரேக்கப் பிரிவு

"லைட்டுன்னா லைட்டுதான் அம்மணி. இதுல கேக்கறதுக்கு என்ன வேண்டிக் கெடக்குது?"

மகுடேஸ்வரனுக்குப் பொறுமை போய்விட்டது. பனியன் கம்பெனி முதலாளி அவர். எதிரில் நின்ற அனுப்ரியா, வெளிநாட்டு ஆர்டர்களுக்கெல்லாம் பதில் எழுதுகிறவள்.

"வெளிச்சமா, கனமில்லாததான்னு கேக்கறாங்க சார். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. கிரேக்கத்துல வேற வேறயாமாங்க."

ஜெர்மனி கம்பெனி ஒன்றின் ஆர்டர். நாற்பதாயிரம் டி-சர்ட். கிரேக்கத் தீவுகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு விற்பார்களாம். நெஞ்சில் பழங்காலக் கிரேக்கத்தில் ஒரு சொல், முதுகில் அதே சொல் இன்றைய கிரேக்கத்தில். அவர்களுடைய டிசைன் பிரிவு மூன்று ஆங்கிலச் சொற்களை அனுப்பிவிட்டு, மொழிபெயர்ப்பையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கைகழுவிவிட்டது. மகுடேஸ்வரனுக்கு முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. "அதுக்கென்னங்க, பண்ணிரலாம்" என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

"அடுத்தது ஸ்பிரிங். வசந்த காலமா, தண்ணி ஊத்தா, கம்பிச் சுருளா? வசந்தம்னா பழைய கிரேக்கத்துக்கு ஒரு சொல்லு, புதுசுக்கு வேறயாம். ஊத்துன்னா ரெண்டுலயும் ஒரே சொல்லுதானாம். மூணாவது பிரசண்ட். பரிசா, இந்த நேரமா, வந்திருக்கறதா?"

"பிரசண்ட்னா அட்டெண்டன்ஸ்தான? இதையெல்லாம் கேக்கறது ஆருங்க, கருப்புசாமி?"

பிரிண்டிங் பட்டறை கருப்புசாமி டீ டம்ளரைக் கீழே வைத்தார். டி-சர்ட்டில் எழுத்து அச்சடிப்பது அவர் வேலை. சொற்களும் அவரிடம்தான் போயிருந்தன.

"கோயமுத்தூர்ல டிசைன் போடற நித்யஸ்ரீங்கற பொண்ணுகிட்டக் குடுத்தனுங்க."

"அதுக்குக் கிரேக்கம் தெரியுமா?"

"அதெப்படிங்க தெரியும்? அது டெல்லியில ஒரு ஏஜென்சிக்குத் தள்ளிவிட்டுருச்சு. அவங்க நெட்டுல ஆரையோ புடிச்சிருக்காங்க. அந்தாளு பேரு ஊரு கேட்டா சொல்ல மாட்டீங்கறாங்க. இதெல்லாம், அர்த்தம் தெரியாம கை வெக்க மாட்டேன்னு அவரு எழுதுன கேள்விங்க."

"நாசமாப் போச்சு!" மகுடேஸ்வரன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

திருப்பூரில் இதெல்லாம் ஒரு குற்றமே இல்லை. நூலைத் துணியாக்குவது ஒருவர், சாயம் போடுவது இன்னொருவர், வெட்டுவதும் தைப்பதும் வேறு வேறு ஆட்கள். ஒரே கூரைக்குள் பிறந்து வளர்ந்த பனியனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மொழிபெயர்ப்பையும் சாயத்தைப் போல நாலு கை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்த ஜெர்மனிக்காரர்கள் எழுதி வாங்கியிருந்தார்கள். எந்த வேலையும் வெளியே போகக் கூடாது. போனது தெரிந்தால் அன்றைக்கே ஆர்டர் ரத்து. மகுடேஸ்வரன் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இரண்டு மாதமாகத் தையல் மெஷின்களில் பாதி சும்மா கிடக்கின்றன. இந்த ஆர்டரும் போனால் கம்பெனியைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். எழுத்து எப்படி இருக்கும் என்று காட்டும் மாதிரி இன்று மாலைக்குள் மெயிலில் ஜெர்மனிக்குப் போயாக வேண்டும்.

"தியோ சாரையே கேட்டுரலாங்க," என்றாள் அனுப்ரியா. ஜெர்மனி கம்பெனியில் இவர்களுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் தியோ. ஒரு நூல் பிசிறுக்கு ஒன்பது மெயில் போடுகிறவர்.

"கேட்டா, மொழிபெயர்க்கறது ஆருன்னு அவன் கேப்பானே?"

"கேக்காட்டி ஸ்பிரிங்குக்குக் கம்பிச் சுருள அடிச்சுப்போடுவாங்க சார். அதைப் போட்டுட்டு ஆருங்க தீவுக்குப் போவாங்க?"

மகுடேஸ்வரன் கூரையைப் பார்த்தார். கருப்புசாமியைப் பார்த்தார். கருப்புசாமி டீ டம்ளரைப் பார்த்தார்.

"சரி, எழுது அம்மணி. நம்ம கம்பெனியிலயே ஆளு இருக்கற மாதிரி எழுது. கிரேக்கப் பிரிவுன்னு போடு."

"எங்கள் கிரேக்கப் பிரிவுன்னே போடறதுங்களா சார்?"

"ஆமா, பிரிவுதான். துணிஞ்சாச்சு, அதுல என்ன சின்னது பெருசு?"

'எங்கள் கிரேக்கப் பிரிவுக்குச் சில சந்தேகங்கள்' என்று ஆரம்பித்து, டெல்லியிலிருந்து வந்த கேள்விகளை ஓர் எழுத்து மாற்றாமல் கீழே ஒட்டி அனுப்பினாள். மகுடேஸ்வரன் சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "பழனிக்கு நடந்தே வர்றேன் சாமி. அந்தாளு மேக்கொண்டு ஒண்ணும் கேக்கக் கூடாது."

"நானும் வர்றனுங்க," என்றார் கருப்புசாமி.

"நீங்க வந்தா, போற வழியில வேற ஆருகிட்டயாவது நடையைக் குடுத்துருவீங்க. பேசாம உக்காருங்க."

முக்கால் மணி நேரத்தில் பதில் வந்தது. அனுப்ரியா ஒரு தடவை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள்.

"ஏனம்மணி, போச்சா?"

"அர்த்தமெல்லாம் டிசைன் பிரிவுல கேட்டு எழுதியிருக்காருங்க. லைட்டுன்னா கனமில்லாதது, ஸ்பிரிங்னா வசந்த காலம், பிரசண்ட்னா இந்த நேரம். மாதிரிய நாளைக்கு அனுப்புனாப் போதுமாங்க."

"அப்பாடா! பொழைச்சோம். ஆளப் பத்தி ஒண்ணும் கேக்கலயே?"

"கேக்கலீங்க," என்றவள் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி, கடைசி வரிகளைத் தமிழில் சொன்னாள்.

"'உங்கள் கிரேக்கப் பிரிவு நான்தான், டெல்லி ஏஜென்சிக்கு நேற்று வீட்டிலிருந்து அந்தக் கேள்விகளை எழுதி அனுப்பியதும் நானே. தயவுசெய்து எங்கள் முதலாளிக்குத் தெரிய வேண்டாம். வெளிவேலை பார்க்க மாட்டேன் என்று நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.'"