முப்பத்தெட்டுக்கு அப்புறம் ஒரு இருமல்

செத்துப்போன விலை சார் அன்னிக்கும் காலையில சரியா ஆறு மணிக்குப் போன் பண்ணினார்.

"வணக்கம். இன்னிக்கு விலை. தக்காளி... முப்பத்தெட்டு..." அதுக்கப்புறம் ஒரு இருமல்.

பீன்ஸ் தோட்டத்துல நின்ன 'அவசரம்'ங்கிற விவசாயிக்கு உடம்பு சில்லிட்டுப் போச்சு. போன வாரமும் முப்பத்தெட்டு வந்தது. அப்பவும் அதே இடத்துல அதே இருமல்.

அவசரம்ங்கிறது ஊர் வச்ச பேர். டீ ஆறுற வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டார். போன்ல எதிராளி 'ஹலோ' சொல்லி முடிக்கிறதுக்குள்ள கட் பண்ணிடுவார்.

விலை சார்ங்கிறது விவசாய ஆபீசர். மத்த ஆபீசருங்க உரம், பூச்சின்னு பேசிட்டு ஜீப் ஏறிடுவாங்க. இவர் மட்டும், "விளைய வைக்க உங்களுக்குத் தெரியும். விக்கக் கத்துக்கங்க"ன்னு சொல்லிட்டு, நாலு சந்தை விலையையும், எதைப் பறிக்கணும், எதை ரெண்டு நாள் விட்டு வைக்கணும்னும் தினமும் நாப்பது பேருக்குப் போன்ல சொல்வார். தரகர் சொன்னதுதான் விலைன்னு கிடந்த ஊர், அதுக்கப்புறம்தான் நிமிர்ந்துச்சு.

மனுஷன் போய் ரெண்டு மாசம் ஆச்சு. தூக்கிட்டுப் போன நாலு பேர்ல அவசரமும் ஒருத்தர்.

அப்புறம் ஒரு வாரம் அந்தப் போன் இல்லை. எவளோ ஒருத்தி புது நம்பர்லேர்ந்து காலங்காத்தால கூப்பிட்டு உயிரை வாங்கினா. ரெண்டு நாள் பேசாம கட் பண்ணார். மூணாம் நாள் அவ நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா.

எட்டாம் நாள் விலை சார் நம்பரே வந்தது. அவர் குரலே பேசிச்சு.

"சார்! எங்கேருந்து சார் பேசறீங்க?"ன்னு அவசரம் அலறினார். பதில் இல்லை. "கத்தரிக்காய்... இருபத்திரெண்டு... பறிக்காதீங்க"ன்னு அதுபாட்டுக்குப் போச்சு. வார்த்தைக்கு வார்த்தை நடுவுல கிணத்தை எட்டிப் பார்த்த மாதிரி ஒரு வெறுமை.

விலை ஒரு நாளும் தப்பல. அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு.

ஊர் வாய் சும்மா இருக்குமா?

"புருஷன் போனப்போ அந்தம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்னமோ பண்றா. பட்டப்பகல்ல அந்த வீட்டுப் பக்கம் போனா அவர் குரல் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டே இருக்குங்க"ன்னு அவசரத்தோட பெண்டாட்டியே சொன்னா.

"செத்தவரையாவது நிம்மதியா விடலாம்ல!"ன்னு அவசரமும் திட்டுவார். ஆனா ஆறு மணிக்குப் போனை மட்டும் எடுத்துடுவார்.

இன்னிக்கு அவருக்கு வேண்டியது பீன்ஸ் விலை. போன வருஷக் காய் மொத்தமும் அழுகிப் போச்சு. வீடு நடக்கணும்னா இந்த ஒரு பறிப்புதான் கதி. பறிச்சுக் குவிச்சாச்சு. தரகர் லாரியோட வந்து நிக்கிறார்.

"அறுபது. இப்பவே ஏத்திடலாம்."

"இருங்க. போன்ல வரட்டும்."

"பீன்ஸ்..." என்றது போன். அப்புறம் சத்தமே இல்லை. மறுபடி, "பீன்ஸ்..." பின்னாடி யாரோ மூச்சை இழுக்கிற சத்தம். லைன் கட் ஆயிடுச்சு.

வாழ்க்கையில முதல் தடவையா அவருக்கு முந்தி எதிராளி போனைக் கட் பண்ணிட்டாங்க.

"செத்தவருக்கே தெரியல போல. ஏத்தட்டுமா?" தரகர் சிரிச்சார்.

அவசரம் பெண்டாட்டியைக் காவலுக்கு வச்சுட்டு பைக்கை உதைச்சார்.

விலை சார் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கை வைக்கப் போனவர் அப்படியே நின்னுட்டார். உள்ளே குரல்.

"எழுபத்தொன்பது... எண்பது... எண்பத்தொண்ணு..." ஒவ்வொண்ணும் முன்னதைவிட மெதுவா. "எண்பத்தி... ரெண்டு..." ஒரு நீள மூச்சு. அவ்வளவுதான்.

கதவைத் தள்ளிட்டார். மேஜை மேல ரெண்டு போன், ஒரு நோட்டு. முன்னாடி விலை சாரோட சம்சாரம்.

"என்னம்மா கூத்து இது?"

"ஆஸ்பத்திரியில கடைசி மூணு நாள் படுத்துக்கிட்டே இந்தப் போன்ல பேசிப் பதிவு பண்ணி வச்சார்ண்ணே. காய் பேரெல்லாம், பறிங்க, பறிக்காதீங்க, அப்புறம் ஒண்ணுலேர்ந்து நம்பருங்க. அதைத்தான் ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டு உங்களுக்குக் கேக்க வைக்கிறேன். நூறு வரைக்கும் சொல்லிடறேன்னார். எண்பத்திரெண்டுக்கு மேல முடியல. இன்னிக்கு பீன்ஸ் தொண்ணூறு. வேற எங்கயாவது தொண்ணூறு சொல்லியிருக்காரான்னு விடியறதுக்கு முன்னாடியிலேர்ந்து தேடறேன். இல்லை."

அவசரம் சட்டுனு போனை எடுத்தார். "ஏய், லாரியைத் திருப்பி அனுப்பு! காயைத் தரம் பிரிச்சு வை. பெரிய சந்தைக்குப் போகுது!"

அப்புறம்தான் அவருக்கு உறைச்சது. "தொண்ணூறுன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னா?"

"நாலு சந்தைக்கும் விடியறதுக்குள்ள போன் போட்டுக் கேக்கறது நான்தானே. அவர் இருந்தப்பவும் நான்தான். நான் எழுதிக் கொடுப்பேன், அவர் படிப்பார்."

அவசரத்துக்குக் கண் கலங்கிடுச்சு. "அடக் கடவுளே! அப்போ உங்க குரல்லயே சொல்லியிருக்கலாமேம்மா? நாங்க என்ன, கேக்காமலா போயிடுவோம்?"

அந்தம்மா நோட்டை மூடினாங்க.

"'நீ சொன்னா கேக்க மாட்டாங்க, என் குரலை வச்சுக்கோ'ன்னார். நான் நம்பல. முதல் ஏழு நாள் என் குரல்லதான் சொல்லிப் பார்த்தேன். 'பொம்பளைக்கு என்னடி தெரியும் சந்தையைப் பத்தி, வை போனை'ன்னு மூணாம் நாள் சொன்னது நீங்கதான்ண்ணே."