மீடியம் வேவில் ஃபெபா

"சீனா ரேடியோக்காரன் கணீர்னு பேசறான். நம்ம பொண்ணோட ஸ்டேஷன் மட்டும் புஸ்ஸுங்குது. என்ன பொட்டிங்க இது?"

கணவர் யேசுராஜின் எதிரே வந்து நின்று கேட்டாள் அற்புதமேரி. நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பி, கம்பெனிச் சீருடையில் இருந்தாள்.

ரிசீவரின் மூடி கழற்றிக் கிடந்தது. யேசுராஜின் கையில் சாலிடரிங் அயன்.

"ஷார்ட்வேவுக்குன்னே செஞ்ச பொட்டி மேரி. பக்கத்து ஸ்டேஷனுங்க வந்து முட்டக்கூடாதுன்னு, மீடியம் வேவ் வர்ற வழியில மட்டும் சிக்னலைக் கொறைக்க ரெசிஸ்டர் போட்டு வெச்சிருக்கான். அதை எடுத்துட்டு நேரா ஒயர் குடுத்தா, தூரத்து ஸ்டேஷனும் நல்லா வரும்."

"இருக்கறதும் கெட்டுப் போச்சுன்னா?"

அவர் அதற்குள் குனிந்துவிட்டார்.

தெற்கே கடலோரத்தில் ஒரு வானொலி நிலையத்தில் மகள் ஃபெபாவுக்கு வேலை கிடைத்திருந்தது. இன்று முதல் நிகழ்ச்சி. ஃபோனில் அந்த நிலையம் வராது.

அற்புதமேரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். தெருமுனையில் கம்பெனி பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. யேசுராஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க போங்கண்ணா! நான் இன்னைக்கு லீவு!" வாசலிலிருந்தே டிரைவருக்குக் கையசைத்துவிட்டு ஓடி வந்தாள்.

யேசுராஜ் ஒயரைப் பற்றவைத்து ஸ்விட்சைப் போட்டார். பெரிய ஸ்பீக்கர் உறுமியது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு குமிழை மெல்லத் திருகினார். உதட்டைப் பிதுக்கினாள். இன்னும் கொஞ்சம் திருகினார். மறுபடியும் பிதுக்கினாள்.

சட்டென்று இரைச்சல் வடிந்தது.

"வணக்கம் நேயர்களே! உங்களோடு ஃபெபா..."

அற்புதமேரி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "வந்துட்டா! நம்ம ஃபெபாதாங்க!"

யேசுராஜ் குமிழை விட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் ஸ்பீக்கரின் மேல் பதித்தார். வெகுநேரம் அசையவில்லை.

"கொஞ்சம் வேகமாப் பேசறா இல்ல? பயந்துட்டா போல," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்ப மூச்சு வாங்கிக்கறா."

அவள் கண்ணைத் துடைத்தபடி தலையாட்டினாள்.

கம்பெனி பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும் சத்தத்தில் இரண்டு காதும் போனதற்குப் பிறகு, யேசுராஜ் தன் மகளின் குரலைக் கேட்பது இதுதான் முதல் தடவை.