மூன்றாவது முறையும் கல்லூரிக்கு

"படிக்கப் போறது நானா, நீங்க ரெண்டு பேருமா?"

மகள் கேட்டாள். அப்பா குனிந்து செருப்பை மாட்டினார். லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் இருப்பார். வீட்டில் இருக்கிற மீதி நாளிலும் வாயைத் திறக்க மாட்டார். மகள் அவருக்கு வைத்திருந்த பெயர் சைலன்சர்.

"கதவத் தாழ் போட்டுக்க. சாயங்காலம் வந்துடுவோம்," என்று சொல்லிவிட்டு அம்மாவும் இறங்கிப் போனாள்.

மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அவள் ஆசைப்பட்ட படிப்பு. அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகிற முதல் ஆள் அவள்தான். சேரப்போகிறாயா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், இடம் கிடைத்தவர்கள் பெற்றோருடன் வந்து சுற்றிப் பார்க்கலாம் என்று கல்லூரியிலிருந்தே அழைத்திருந்தார்கள்.

பெற்றோர் போனார்கள். இடம் கிடைத்தவள் வீட்டில் இருந்தாள்.

சாயங்காலம் இருவரும் திரும்பி வந்தார்கள். அம்மா காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். லைப்ரரி எப்படி இருக்கு என்று மகள் கேட்டாள். அம்மா பார்க்கவில்லையாம். லேப்? அது எந்தப் பக்கம் என்றே தெரியாதாம்.

"அப்ப என்னதாம்மா பார்த்தீங்க?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "கேட் பெருசா இருக்கு."

அப்பாவிடம் முடிவைக் கேட்டால், இன்னொரு தடவை பார்க்கணும் என்றார்.

திங்கட்கிழமை மறுபடியும் போனார்கள். மகள் மறுபடியும் வீட்டுக் காவல். இவளுடைய சிநேகிதியை அந்தப் பெண்ணின் அப்பா அவள் சேரப்போகிற கல்லூரிக்கு நேரில் கூட்டிப்போய், வகுப்பு பெஞ்சில் உட்காரவைத்து, ஹாஸ்டல் கட்டிலைக்கூட ஆட்டிப் பார்க்கச் சொன்னாராம். சிநேகிதி போனில் அதைச் சொல்லிவிட்டு, "உங்க வீட்ல என்ன, காலேஜையே விலைக்கு வாங்கப் போறாங்களா?" என்று சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அனுப்ப மனமில்லை என்றால் நேராகச் சொல்ல வேண்டியதுதானே? ஏதாவது ஒரு குறை கிடைக்கும்வரை போய்ப் போய்த் தேடுகிறார்கள் என்றே நினைத்தாள்.

அன்று அவர்கள் வந்து சேர இருட்டிவிட்டது. ஏன் இவ்வளவு நேரம் என்று மகள் கேட்க, அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். மூன்றாவது முறை.

மகள் வாசலை மறித்துக்கொண்டாள். நாளைக்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் போய்விடும், பன்னிரண்டு வருஷம் கண் விழித்துப் படித்தது தான்தான், மார்க் வாங்கியதும் தான்தான், ஆனால் அந்தக் கட்டடத்தைப் பார்க்க மட்டும் தனக்கு யோக்கியதை இல்லையா என்று கேட்டாள். அம்மா அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு வெளியே போனாள். பின்னாலேயே அப்பாவும் போனார்.

மத்தியானம் பால் வாங்கத் தெருமுனைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

டீக்கடை பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த டீ ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. கையில் போனை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலேஜுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு இங்க உக்காந்திருக்கீங்களா? அம்மா எங்க?"

"காலேஜுக்குப் போயிருக்கா."

"யார்கூட?"

"தனியா."

எழுத்துத் தெரியாத அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் பஸ் போர்டைப் படித்து, கையைப் பிடித்து ஏற்றிவிடுவது இவள்தான். அந்த அம்மாவை, நடுவில் பஸ் மாறிப் போக வேண்டிய ஊருக்குத் தன்னந்தனியாக அனுப்பிவிட்டு இவர் டீ குடிக்கிறார்.

"மனசாட்சி இருக்காப்பா உங்களுக்கு? எங்கயாவது மாறி எறங்கிட்டா என்ன பண்ணுவா?"

"திங்கட்கிழமை மாறித்தான் எறங்கினா," என்றார் அப்பா. "நான் பின் சீட்ல இருந்தேன். வாயே திறக்கல. அவளே நாலு பேரக் கேட்டு, வந்த வழியே திரும்பி, சரியான பஸ்ஸப் பிடிச்சா. அதான் அன்னிக்கு லேட்டு."

"எதுக்குப்பா இதெல்லாம்? என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா…"

"நீ வந்தா அவ கையப் பிடிச்சுக்குவே. அப்புறம் அவ எங்க வழி பழகறது?"

அவர் இவ்வளவு பேசி மகள் கேட்டதில்லை. இன்னும் பேசினார். "நீ போறதுக்கு நான் என்னிக்கோ சரின்னுட்டேன். அங்க உனக்குக் காய்ச்சல்னு போன் வந்தா, நான் எந்த ரோட்ல இருப்பேனோ. ஓடி வர வேண்டியவ அவதானே. எனக்குப் போய்ச் சேரத் தெரியாத ஊருக்கு எம் பொண்ண அனுப்ப மாட்டேன்னு அவதான் ஒத்தக்கால்ல நின்னா."

கையிலிருந்த போன் அடித்தது. அப்பா ஸ்பீக்கரை அழுத்தினார். அம்மாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஹாஸ்டல் வாசல்ல நிக்கறேன். யாரும் கொண்டுவந்து விடல, நானாவே வந்துட்டேன்."

மூச்சு நிதானத்துக்கு வந்ததும் சொன்னாள்.

"இனிமே அவள அனுப்பலாங்க."