முட்டைகூட உடைக்காத வீடு

டாக்டர் மூன்றாவது தடவையாகக் கேட்டார். “காட்டுப்பன்னிக் கறி ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“ஐயையோ! எங்க வீட்ல முட்டைகூட உடைக்க மாட்டோம் டாக்டர்” என்றார் கணவர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கறியை வதக்கிப் போட்டதே அவள்தான். “ரொம்ப வேகவிடாதடி, ருசி போயிடும்” என்று அடுப்படியில் நின்று அவசரப்படுத்தியவர் இதே மனுஷன்தான்.

“இவருக்குக் காய்ச்சல், கண் வீக்கம், சதையெல்லாம் வலி. வேகாத பன்னிக்கறியில இருக்கிற புழு மேலதான் எனக்குச் சந்தேகம். ரத்தப் பரிசோதனை முடிவு வர நாளாகும். அதுக்குள்ள அது சதையில குடியேறிடும். சாப்பிட்டது உண்மைன்னா இப்பவே மருந்து ஆரம்பிச்சிடலாம். நீங்களாவது சொல்லுங்கம்மா.”

அவள் வாயைத் திறந்தாள். மேஜைக்கடியில் கணவரின் பூட்ஸ் அவள் காலை நசுக்கியது.

“இவர் சொன்னதுதான் டாக்டர்” என்றாள்.

வெளியே வந்ததும் பெஞ்சில் இருந்த மூன்று வனக்காவலர்கள் துள்ளி எழுந்து, “ரேஞ்சர் ஐயா!” என்று அவருக்கு சல்யூட் அடித்தார்கள். வேட்டைக்காரனிடமிருந்து பறிமுதல் செய்த காட்டுப்பன்றியை ஐயா எரித்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று கோர்ட்டில் சாட்சி சொன்னவர்கள். அந்தக் கண்கள் ஆறும் இப்போது வீங்கியிருந்தன.

முதல் ஆள் உள்ளே போனான். கதவைச் சாத்துவதற்குள் அவன் குரல் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

“ஐயையோ! எங்க வீட்ல முட்டைகூட உடைக்க மாட்டோம் டாக்டர்.”