அளவுக்கு நின்றவன்

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.

பெரிய வீடு, அதனால் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதில்லை. அவளை அளக்கப் போகிறார்களாம்.

“குதிங்கால் செவுத்துல ஒட்டணும் தாயி,” என்றார் கான்ட்ராக்டர் ஞானதிரவியம், கையில் டேப்போடு.

ஐம்பத்தைந்து வயதில் இது என்ன கூத்து!

இந்த உயரம் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமா? பள்ளிக்கூடத்தில் பனைமரம் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிட்டார்கள். அம்மா மட்டும், அப்பன் உயரம் அப்படியே என்று பெருமைப்பட்டுக்கொள்வாள்.

அந்த அப்பனின் உயரம்தான் இப்போது இவர்களுக்கு வேண்டும்.

மூன்று தலைமுறையாகக் கட்டிடம் கட்டுகிற குடும்பம். எதைக் கட்டி முடித்தாலும் படம் எடுத்துவிடுவார்கள். பாலம், மாதா கோயில், உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி, எல்லாமே. நல்ல படங்களை அஞ்சல் அட்டையாக அடித்து, கப்பலில் வருகிறவர்களுக்கு விற்றார்கள்.

அந்தக் காலத்துப் படங்களில் எல்லாம் சுவரோரம் ஒரே ஆள் நிற்பான். கட்டிடம் எவ்வளவு உயரம் என்று தெரிய, அளவுக்காக.

பேச்சிமுத்து. அவளுடைய அப்பா.

போன புயலில் சந்தை வாசல் வளைவு அடியோடு சாய்ந்தது. பழையபடியே எழுப்ப வேண்டும். வரைபடம் எப்போதோ கரையானுக்குப் போய்விட்டது. படம் இருக்கிறது. அதில் நிற்பவனின் உயரம்தான் யாருக்கும் தெரியவில்லை. “பேச்சிமுத்து பொண்ணக் கூப்பிடுங்க, நூல் பிடிச்ச மாதிரி அதே உசரம்,” என்று பழைய கொத்தனார் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

அவள் வந்தது அதற்காக இல்லை.

அப்பாவின் முகத்தை அவள் பார்த்ததே கிடையாது. அவள் பிறந்த நாற்பதாம் நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வீட்டில் ஒரு படம் இல்லை. பொட்டப்பிள்ளை பிறந்த ஏக்கத்தில் போனான் என்று ஊர் பேசியது.

அவளும் நம்பித்தான் தொலைத்தாள்.

அளந்து முடித்ததும் கான்ட்ராக்டரின் மனைவி ஜெபக்கனி பீரோவைத் திறந்து, அட்டைகளை மேசையில் பரப்பினாள்.

பதினொரு படம். பதினொன்றிலும் முதுகு.

நெடிய முதுகு. தலையில் துண்டு. மூக்கு சுவரில் இடிக்கிறாற்போல் நிற்கிறார்.

“கேமராவப் பாத்தா தலை ஆடும், அளவு தப்பும்னு படம் எடுத்த எங்க மாமனாரு நெனப்பு,” என்றாள் ஜெபக்கனி.

அவள் ஒரு அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். முகம் அந்தப் பக்கம் இருக்கும் என்பதுபோல. வெறும் தாள். கிறுக்கச்சி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

ஜெபக்கனி அதைக் கவனித்தாள். உள்ளே போய், துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

“இதெல்லாம் கழிச்சுப் போட்டது. மாமா எதையும் தூர எறிய மாட்டாங்க.”

ஆடிப்போனவை. வெளிச்சம் புகுந்தவை. குறுக்கே மாடு போனவை.

அடியில் சந்தை வாசல்.

சுவரோரம் ஆளைக் காணோம். நடுவில் நிற்கிறார்.

நிற்கவில்லை. இரண்டு காலும் தரையில் இல்லை. துண்டு தனியாகப் பறக்கிறது. கைகள் கலங்கித் தெரிகின்றன. முகம் மட்டும் பளிச்சென்று இந்தப் பக்கம். வாய் நிறையச் சிரிப்பு.

இவளுக்கு இருக்கிற அதே தெற்றுப்பல்.

அட, அப்பா!

படத்தின் பின்னால் பென்சிலில் எழுதியிருந்தது. ஜெபக்கனி மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

“பெண் குழந்தை பிறந்த சேதி வந்தது. பேச்சி குதித்துவிட்டான். படம் வீண். நாளை மறுபடி எடுக்க வேண்டும்.”

அவளுக்கு எழுத்து நன்றாகவே தெரியும். தினமும் பேப்பர் படிக்கிறவள்.

“இன்னொருக்க வாசிங்கக்கா,” என்றாள்.