வாயில்லாப் பூச்சி

“எங்க வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சிம்மா! கல்யாணம் ஆனதிலிருந்து என்கிட்ட நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசினதே இல்ல” என்றாள் வீட்டம்மா, ரொம்பப் பெருமையாக.

நலவாழ்வு சர்வேக்கு வந்திருந்த பெண்ணுக்குச் சுருக்கென்றது. கீழே இஸ்திரிக்காரர் இப்போதுதான் எச்சரித்து அனுப்பியிருந்தார். “மூணாவது மாடியா? அங்க ‘ஹார்ன்’ இருக்காரு. அவர் பேச ஆரம்பிச்சா, உங்க சர்வே முடியறதுக்குள்ள அடுத்த சர்வேக்கு ஆள் வந்துடும்!”

அந்த ஹார்ன் இதோ சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். உதடு இரண்டையும் பசை போட்டு ஒட்டியது மாதிரி இறுக்கி வைத்திருக்கிறார். முகம் மட்டும், பொங்கப் போகிற பால் போல மேலே மேலே வந்துகொண்டிருக்கிறது.

“ஐயா, ரிடையர் ஆகறதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?”

“லாரியில கிளீனர்” என்றாள் வீட்டம்மா.

பெரியவர் சோபாவிலிருந்து ஓரடி எழும்பி, மறுபடி விழுந்தார். அவர் தலைக்கு மேலே மாட்டியிருந்த படத்தில், ரயில் எஞ்சினின் கதவைப் பிடித்தபடி, சீருடையும் முறுக்கு மீசையுமாக அவரேதான் நின்றுகொண்டிருந்தார்.

சர்வேப் பெண் படத்தைப் பார்த்தாள், வீட்டம்மாவைப் பார்த்தாள். வீட்டம்மாவோ கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், எலி வளைக்கு முன்னால் உட்கார்ந்த பூனை மாதிரி.

“ராத்திரி தூக்கமெல்லாம் எப்படிங்க ஐயா?”

“இவருக்கென்ன? இவர் விடற குறட்டையில, பூகம்பம்னு பயந்து பக்கத்து வீட்டுக்காரங்க படியில இறங்கி ஓடியிருக்காங்க. ரயிலைக் கண்டா மட்டும் தொடை நடுங்கிடும். தண்டவாளத்தைத் தாண்டச் சொன்னா அழுதுடுவாரு.”

பெரியவர் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

வீட்டம்மா ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்து முடித்தாள். சற்று முன்புதான் இன்னொரு செம்பைக் காலி செய்திருந்தாள். இத்தனை பொய் சொன்னால் நாக்கு உலராமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டாள் சர்வேப் பெண்.

“ரெண்டு பேருக்கும் சர்க்கரை பார்த்துடலாமாம்மா? விரல் நுனியில ஒரு சின்னக் குத்துதான்.”

“அவருக்குப் பாரு. எனக்கெதுக்கு? நான்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே” என்றவள், துணி சுற்றியிருந்த கால் கட்டைவிரலை அவசரமாகப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

யாரை உதைத்த காலோ!

பெரியவர் விரலை நீட்டினார். ஊசி இறங்கியபோது ஒரு ‘ஸ்’ கூட வரவில்லை. மனுஷன் வலியைக்கூட விழுங்கப் பழகியிருக்கிறார் என்றால், இந்த வீட்டில் என்னதான் நடக்கிறது?

“மனசு சம்பந்தப்பட்ட கேள்வியெல்லாம் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியாத்தான் கேட்கணும். எங்க ரூல் அப்படி. நீங்க கொஞ்ச நேரம் சமையலறையில இருங்கம்மா.”

வீட்டம்மா அரை மனதாக எழுந்தாள். “போறேன். ஆனா கதவைச் சாத்த மாட்டேன். இவர் வாயைத் திறந்தா எனக்குக் கேட்கணும்.”

சர்வேப் பெண் பெரியவர் பக்கம் குனிந்து கிசுகிசுத்தாள். “ஐயா, பேசக் கூடாதுன்னு உங்களை யாராவது மிரட்டி வச்சிருக்காங்களா?”

பெரியவர் யோசித்தார். தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டிக்கொண்டே சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

“உங்களுக்குப் பயமா இருக்கா?”

ஆடிக்கொண்டிருந்த தலை நின்றது. பிறகு ஆமாம் என்று மெதுவாக அசைந்தது. அந்தக் கண்ணில் இப்போது துளிக் கோபம் இல்லை.

இதற்கு மேல் என்ன வேண்டும்? அவள் மேலதிகாரியை அழைக்கப் போனை எடுத்தாள். பெரியவர் பாய்ந்து வந்து போனைப் பொத்தினார். வேண்டாம் வேண்டாம் என்று தலையை உலுக்கிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். முள் இரண்டும் ஒன்றாகச் சேர இன்னும் ஒரு மயிரிழைதான் பாக்கி.

கடிகாரம் பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது.

“ரயிலுடி!”

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே இஸ்திரிக்காரர் திடுக்கிட்டதில் ஒரு புதுச் சட்டை தீய்ந்தே போய்விட்டது.

“நான் ஓட்டினது ரயிலு! லாரியாம், கிளீனராம்! தண்டவாளத்தைப் பார்த்து அழுதேனாம்! வெளிய வாடி. காலையில எழுந்ததிலிருந்து நான் பேசினேனா? இந்தப் பொண்ணு முன்னாடி சொல்லு, ஒரே ஒரு வார்த்தை பேசினேனா?”

வீட்டம்மா செம்பும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

பெரியவரின் குரல் சட்டென்று இறங்கியது. “கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன்... பேசிப் பேசி ஒண்ணும் நடக்கலைம்மா. அதான் பேசாம இருந்து பார்த்தேன்.”

வீட்டம்மா செம்பைக் கீழே வைத்தாள். சர்வேப் பெண்ணின் எதிரே வந்து உட்கார்ந்து, ஆறாத புண்ணோடிருந்த காலைப் புடவைக்கு வெளியே நீட்டினாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு கையையும் நீட்டினாள்.

“மனுஷன் பன்னிரண்டு மணி வரைக்கும் பேசவே இல்லம்மா, பந்தயத்துல நான் தோத்துட்டேன். என் விரலைக் குத்து.”