ரைட் என்றாள் மொர்வென்னா

"'லெஃப்டா?'ன்னு கேட்டேன். நீ என்ன சொன்னே?"

"'ரைட்'னு சொன்னேன், டாக்டர்."

"அதனாலதானே வலது சிறுநீரகத்தை எடுத்தேன்!"

நர்ஸ் மொர்வென்னா முகக்கவசத்தைக் கீழே இழுத்தாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், ரத்தக் கறை படிந்த கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார் சர்ஜன் ட்ரெவாஸ்கிஸ்.

"'சரி'ங்கற அர்த்தத்துல சொன்னேன், டாக்டர். சார்ட்டுல இடதுன்னுதான் போட்டிருக்கு. அதைப் பார்த்துத்தான்..."

"தெரியும். எடுத்தது கட்டியே தெரியாம வழவழன்னு இருக்கேன்னு சந்தேகப்பட்டு இப்பதான் சார்ட்டைப் பார்த்தேன். 'ஆமாம்'னு சொல்லியிருக்கக் கூடாதா? வேற வார்த்தையே கிடைக்கலையா உனக்கு?"

"நாள் பூரா வாயில வர்ற வார்த்தைதானே, டாக்டர். நீங்களே 'ரைட்'னு சொல்லித்தானே கத்தியைக் கையில எடுத்தீங்க!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ட்ரெவாஸ்கிஸ் கோபப்படவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்தார். இருபத்தாறு வருடமாகக் கத்தி பிடித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

உள்ளே மயக்கத்தில் கிடந்தவர் டென்சில், நியூலின் துறைமுகத்து மீனவர். ஒரு சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி. அதை எடுத்துவிட்டால் மற்றதை வைத்துக்கொண்டு நன்றாக வாழலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இப்போது நல்லது போய்விட்டது. கெட்டது உள்ளே இருக்கிறது.

"எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாதா, டாக்டர்?"

"சட்டைப் பொத்தானா, திருப்பித் தைக்க? ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிட்டேன்." கையுறையைக் கழற்றி எறிந்தார். "வெளியே அவர் மனைவி காத்திருப்பாங்க. என்னன்னு சொல்லுவேன்?"

"நான் சொல்றேன். என் வாயிலேருந்து வந்த வார்த்தைதானே."

கூடத்தில் லவ்டே உட்கார்ந்திருந்தாள், கணவனின் கம்பளித் தொப்பியை மடியில் வைத்தபடி.

"ஆல்ரைட்டா, கண்ணு?" என்றாள்.

அந்த ஊரில் தெருவில் எதிர்ப்படுகிறவரையெல்லாம் அப்படித்தான் விசாரிப்பார்கள். பதிலுக்கு நிற்க மாட்டார்கள். லவ்டே பதிலுக்காக மொர்வென்னாவின் முகத்தையே பார்த்தாள்.

அவள் உடைந்து அழுதுவிட்டாள்.

"ஐயோ! உயிரோட இருக்காரா?"

"இருக்கார். ஆனா... பக்கத்தை மாத்தி எடுத்துட்டோம். நல்லா இருந்ததை எடுத்துட்டோம்."

லவ்டே தொப்பியை முறுக்கினாள், மறுபடி முறுக்கினாள்.

"எங்கிட்ட ஏன் வந்து அழறே? போ! போய் அவரைக் காப்பாத்து!"

அந்த நேரம் ட்ரெவாஸ்கிஸும் அங்கே வந்து சேர்ந்தார். தலை குனிந்து அவள் எதிரில் நின்றார். மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள், மூச்சிரைக்க ஓடி வந்தார் ஆய்வுக்கூட டாக்டர் கர்னோ.

"சார்ட்டுல இடதுன்னு எழுதினது யாருய்யா? எக்ஸ்-ரே படத்தை முன்பின்னாத் திருப்பி மாட்டிப் பார்த்திருக்காங்க!"

"என்ன சொல்றே?"

"நீங்க அனுப்பினதை இப்பதான் ரெண்டாப் பிளந்தேன். வெளியே ஒண்ணும் தெரியலை. உள்ளே, நட்டநடுவுல, புறா முட்டை அளவுக்குக் கட்டி!"

லவ்டேயின் கையிலிருந்து தொப்பி நழுவியது. ட்ரெவாஸ்கிஸ் மெல்ல மொர்வென்னா பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"நீ சொன்னதை மட்டும் நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டிருந்தா, அந்த மனுஷனைக் கொன்னிருப்பேன்."